இலண்டன் வீதிகளுக்கு நிறம் தீட்டியவர்

புவியியல் பாடத்தில் நான் மிகவும் விரும்புவது படவேலையைத்தான். மலைக்கு ஒரு நிறம், சமவெளிக்கு ஒரு நிறம், நீருக்கு ஒரு நிறம் எனத் தீட்டிப் பழகிய எனக்கு, மனிதரின் வறுமைக்கும் ஒருவர் நிறம் தீட்டினார் என்று வாசித்தபோது வியப்பாக இருந்தது. அவர்தான் சார்ள்ஸ் பூத். விக்டோரியா மகாராணி காலத்து இலண்டனை வீதி வீதியாக ஆராய்ந்து, எங்கே எத்தகையோர் வாழ்கின்றனர் என்பதை ஏழு நிறங்களில் காட்டியவர்.

சார்ள்ஸ் பூத் 1840ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் ஒரு தானிய வியாபாரியின் மகனாகப் பிறந்தார். பல்கலைக்கழகத்தை அவர் மிதித்ததில்லை. பதினாறு வயதிலேயே கப்பற் கம்பனி ஒன்றில் தொழில் பழகச் சென்றார். பின்னர் சகோதரர் அல்பிரட்டுடன் சேர்ந்து தோல் வியாபாரம் செய்தார். லிவர்பூலுக்கும் பிரேசிலுக்கும் இடையே நீராவிக் கப்பல்களை ஓட்டிப் பெரும் செல்வந்தரானார். 1871இல் மேரி மெக்கோலேயை மணந்தார். கணவரின் நூல்களைத் திருத்திச் செம்மைப்படுத்தியதில் அந்த அம்மையாருக்குப் பெரும் பங்குண்டு.

அக்காலத்தில் கிழக்கு இலண்டன் என்றாலே வசதிபடைத்தோர் முகஞ் சுளிப்பர். அது கள்வரும் குடிகாரரும் நிறைந்த இடம், அங்குள்ளோர் சோம்பலாலேயே வறுமையில் கிடக்கின்றனர் என்பது பலரின் எண்ணம். இரக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் வறியவர் எத்தனை பேர், ஏன் வறுமையடைந்தனர் என்று எண்ணிப் பார்த்தவர்கள் அரிது. பூத் ஒரு வியாபாரி. கணக்கின்றி எதையும் நம்பாதவர். 1886இல் தமது சொந்தச் செலவிலேயே இந்த ஆய்வைத் தொடங்கினார்.

வீடுகளின் நிலைமையை அறிய அவர் கண்ட வழி எளிமையானது. பிள்ளைகள் பாடசாலைக்கு வருகிறார்களா எனப் பார்க்க வீடுவீடாகச் செல்லும் உத்தியோகத்தர்கள் இருந்தனர். ஒவ்வொரு குடும்பத்தின் தொழிலும் வருவாயும் அவர்களுக்குத் தெரியும். அவர்களை அழைத்து, வீதி வாரியாக விசாரித்துக் குறிப்பெடுத்தார். அது போதாதென்று, தாமே சில வாரங்கள் கிழக்கு இலண்டனின் தொழிலாளர் குடும்பங்களோடு அறை எடுத்துத் தங்கினார்.

இந்த வேலையில் பெண்களும் பங்குகொண்டார்கள் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. மேரியின் உறவினரான பியற்றிஸ் பொட்டர் துறைமுகக் கூலியாட்களையும் தையல் தொழிலாளரையும் ஆராய்ந்தார். காற்சட்டை தைக்கும் கூலிப்பெண்போல வேலைக்குச் சேர்ந்தும் பார்த்தார். கிளாரா கொலற் கிழக்கு இலண்டனில் தங்கியிருந்து பெண்களின் தொழில்களை ஆராய்ந்தார்.

1888ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வைட்சப்பல் பகுதியில் வறிய பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொலையுண்டனர். பொலிஸாரால் கொலையாளியைப் பிடிக்க முடியவில்லை. பத்திரிகைகள் அந்தச் செய்தியை நாள்தோறும் பரப்பின. அப்பகுதி முழுவதுமே குற்றவாளிகளின் இருப்பிடம் என்ற எண்ணம் மேலும் வலுத்தது. அடுத்த ஆண்டே பூத்தின் முதல் நூல் வெளிவந்தது.

அந்த நூலின்படி கிழக்கு இலண்டனில் நூற்றுக்கு 35 பேர் வறுமையில் வாழ்ந்தனர். பின்னர் இலண்டன் முழுவதையும் ஆராய்ந்தபோது அந்தத் தொகை 30.7 வீதமாக இருந்தது. படத்தில் செல்வந்தருக்கு மஞ்சள், நடுத்தர வகுப்பினருக்குச் சிவப்பு, ஓரளவு வசதியுள்ளோருக்கு இளஞ்சிவப்பு, வறியோரும் வசதியுள்ளோரும் கலந்து வாழும் வீதிகளுக்கு ஊதா, வறியோருக்கு இளநீலம், மிக வறியோருக்குக் கடுநீலம். குற்றவாளிகளும் வீதியில் அலைவோரும் அடங்கிய அடிமட்டத்தினருக்குக் கறுப்பு. இந்தக் கடைசி வகுப்பினர் இலண்டன் மக்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வறியவரோ நூற்றுக்கு முப்பது பேர்! வறியவர் வேறு, குற்றவாளி வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்ட முடியும்?

காரணங்களையும் அவர் எண்ணினார். ஏறத்தாழ 4,000 வறிய குடும்பங்களின் நிலையைப் பிரித்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவை வேலை நிரந்தரமின்மையாலும் குறைந்த கூலியாலும் வறுமையடைந்திருந்தன. நோயும் பெரிய குடும்பமும் அடுத்த காரணங்கள். குடியும் ஊதாரித்தனமும் நூற்றுக்கு 13 அல்லது 14 குடும்பங்களிலேயே காரணமாக இருந்தன.

பத்து ஆண்டுகளின் பின் படத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1897 முதல் பூத்தின் உதவியாளர்கள், அந்தந்தப் பகுதியில் கடமையாற்றும் பொலிஸ்காரரோடு ஒவ்வொரு வீதியாக நடந்தார்கள். உடைந்த யன்னல்கள், சப்பாத்தில்லாத பிள்ளைகள், வீதியில் கிடக்கும் பாண் துண்டுகள் என எல்லாவற்றையும் குறித்தார்கள். அந்தக் குறிப்புப் புத்தகங்கள் இன்றும் இலண்டன் பொருளியல் கல்லூரி நூலகத்தில் உள்ளன.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. பொலிஸ்காரரின் கண் குற்றத்தைக் காணப் பழகிய கண். யார் சிறையிலிருந்து வந்தவர் என்பது அவருக்குத் தெரியும். கதவுக்கு உள்ளே பசியோடு தைத்துக்கொண்டிருக்கும் தாயை அவர் எத்தனை தடவை கண்டிருப்பார்? ஒரு வீதிக்குக் கறுப்பு தீட்டினால் அங்கு வாழும் நேர்மையான குடும்பத்தின் மீதும் அந்தக் கறுப்பு படிகிறது. பூத்தும் அடிமட்டத்தினரைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். மிக வறியோரைத் தனியான தொழிற் குடியேற்றங்களுக்கு அனுப்பலாம் என்றும் அவர் கருதினார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவருடைய படத்தில் கறுப்பாகக் காணப்பட்ட இடங்களுள் ஒன்று ஓல்ட் நிக்கல் என்ற சேரி. 1890களில் அதை இடித்து அழகிய மாடிக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். ஏறத்தாழ 5,700 பேர் வெளியேற்றப்பட்டனர். புதிய வீடுகளின் வாடகை அவர்களுக்கு எட்டவில்லை. மிகச் சிலரே அங்கு திரும்பினர். ஏனையோர் அயலிலுள்ள நெரிசலான ஒழுங்கைகளுக்குள் ஒதுங்கினர். இடத்தின் நிறம் மாறியது. மனிதரின் வறுமை மாறவில்லை.

ஆயினும் பூத் எண்ணியதோடு நின்றுவிடவில்லை. முதியோரின் வறுமையைக் கண்ட அவர், அரசு அவர்களுக்கு ஓய்வூதியம் வழங்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். 1908இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. 70 வயதைக் கடந்த வறியோருக்கு வாரம் 5 சிலிங் வரை கிடைத்தது. சிறு தொகைதான், ஆனால் பிச்சையாக அல்ல, உரிமையாகக் கிடைத்தது. பதினேழு தொகுதிகளாக விரிந்த பெரும் ஆய்வை உலகுக்குத் தந்த அவர் 1916ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காலமானார்.

ஓர் ஊரைப் பற்றி, ஒரு வீதியைப் பற்றி நாமும் மனத்துள் நிறம் தீட்டி வைத்திருக்கிறோம். அங்குள்ளவர்கள் இப்படித்தான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பூத்திடம் நான் கற்றது, சொல்வதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது. அவருடைய படத்தின் குறையிலிருந்து கற்றது, எண்ணுவதோடு நில்லாமல் அந்தக் கதவைத் தட்டி, உள்ளிருப்பவரின் கதையையும் கேட்க வேண்டும் என்பது.