கேரன் கார்பென்டர்: குரலைக் கேட்டனர், நோயை அறியவில்லை

1970ஆம் ஆண்டு ‘க்ளோஸ் டு யூ’ என்ற பாடல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தபோது, அதைப் பாடிய கேரன் கார்பென்டருக்கு வயது 20. அண்ணன் ரிச்சர்டுடன் அவர் நடத்திய ‘தி கார்பென்டர்ஸ்’ குழு, அடுத்த ஆண்டே கிராமி விருது வென்றது.

கேரன் 1950 மார்ச் 2ஆம் தேதி, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். 1963ல் குடும்பம் கலிஃபோர்னியாவின் டவுனி நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு உயர்நிலைப் பள்ளியில் டிரம்ஸ் பழகினார். பெண்கள் அரிதாகவே தொட்ட கருவி அது. பாடகி என்பதைவிட டிரம்ஸ் கலைஞர் என்றே தம்மை அவர் கருதினார். ஆனால், குரல் புகழ்பெற்றதும் டிரம்ஸை விட்டு எழுந்து மேடையின் முன்னால் வந்து பாட வேண்டியதாயிற்று. அத்தனை கண்களும் தம்மீதே பதிவது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பதின்ம வயதில் மருத்துவர் சொல்லி உணவைக் கட்டுப்படுத்தியவர், 1973க்குப் பிறகு எல்லை மீறினார். எவ்வளவு மெலிந்தாலும் அவருக்குப் போதவில்லை. 1975ல் உடல் தளர்ந்து மருத்துவமனையில் சேர்ந்தார். பிரிட்டன், ஜப்பான் இசைப்பயணங்கள் ரத்தாயின.

அனோரெக்சியா நெர்வோசா என்ற உணவுக் கோளாறு அவரைப் பீடித்திருந்தது. எடை கூடிவிடுமோ என்ற அச்சம் பசியையே வென்றுவிடும் மனநோய் இது. அந்நாளில் பொதுமக்களில் பலர் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

கேரன் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர். சாப்பாட்டு மேசையில் கலகலப்பாகப் பேசியபடி தட்டிலுள்ள உணவை அங்குமிங்கும் நகர்த்துவார். ருசி பார்க்கச் சொல்லி மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார். மெலிவு தெரியாதிருக்க ஆடைமேல் ஆடை அணிவார். வீட்டாரும் நண்பர்களும் கவலைப்பட்டுச் சாப்பிடும்படி கெஞ்சினர், கடிந்தும் கொண்டனர். உணவைக் கண்ட அவர்களுக்கு, உணவின் பின்னாலிருந்த பயம் புலப்படவில்லை.

1982ல் கேரன் தாமாகவே நியூயார்க் சென்று மனநலச் சிகிச்சை பெற்றார். மருத்துவமனையில் ஊட்டச்சத்து ஏற்றப்பட்டு எடை கூடியது. குணமாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு வீடு திரும்பினார். ஆனால், பல ஆண்டுப் பட்டினி இதயத்தைப் பலவீனமாக்கியிருந்தது. 1983 பிப்ரவரி 4ஆம் தேதி காலை, டவுனியில் பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்த அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 33வது பிறந்தநாளுக்கு ஒரு மாதமே இருந்தது.

அம்மரணம் உலகை உலுக்கியது. உணவுக் கோளாறு பற்றி நாளேடுகளும் தொலைக்காட்சியும் பேசத் தொடங்கின. வெட்கத்தால் மறைத்து வந்த பலர் மருத்துவரை நாடினர்.

கேரனிடம் தெரிந்த அறிகுறிகள் நம் வகுப்பிலும் தெரியலாம். உங்கள் தோழி ஓய்வு நேரத்தில் கேன்டீன் பக்கமே வராமல் சாக்குச் சொல்கிறாரா? வெயிலிலும் தளர்ந்த நீண்ட உடை அணிகிறாரா? சாப்பிட்டதும் கழிவறைக்கு விரைகிறாரா? ஓயாமல் உடற்பயிற்சி செய்கிறாரா? அடிக்கடி தலைசுற்றல் என்கிறாரா? ஆண் நண்பர்களுக்கும் இது வரலாம். தோற்றத்தில் மெலியாதவர்களுக்கும் வரலாம்.

அப்படிப்பட்டவரிடம் தனியாகப் பேசுங்கள். மெலிந்துவிட்டாய், சாப்பிடு என்று தொடங்காதீர்கள். சில நாளாய்ச் சோர்ந்து தெரிகிறாய், கவலையாக இருக்கிறது என்று சொல்லுங்கள். கோபித்தாலும் விலகாதீர்கள். வழக்கம்போல உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உடலைப் பற்றிய கேலியும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம்.

குணப்படுத்துவது உங்கள் பொறுப்பன்று. ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பெற்றோரிடமோ தெரிவியுங்கள். ரகசியம் காக்கும்படி நண்பர் கேட்டிருந்தாலும் தெரிவியுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே மருத்துவ உதவி தேவை. முறையான சிகிச்சையால் குணமடைந்தோர் பலர். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு நல்லது.