உடையாளை மறக்காத நாச்சியார்

வேலுநாச்சியார்னு சொன்னதும் நமக்கு வாளும் குதிரையும்தான் ஞாபகம் வரும். போரில் கணவரைப் பறிகொடுத்தவர் அவர் என்பதையும் நினைக்கணும்.

1730-ல் ராமநாதபுரம் சேதுபதியின் ஒரே மகளாகப் பிறந்தார். வாள், சிலம்பம், குதிரையேற்றம் எல்லாம் பழகினார். சிவகங்கைச் சீமை முத்துவடுகநாதரை மணந்தார். 1772-ல் காளையார்கோவிலில் கும்பெனிப் படை தாக்கியதில் கணவர் உயிரிழந்தார். நாச்சியார் மகள் வெள்ளச்சியோடும் மருது சகோதரர்களோடும் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போனார்.

அவர் போன வழியைக் கேட்டு, ஆடு மேய்த்த உடையாள் என்ற பெண்ணை எதிரிகள் மிரட்டினாங்களாம். தெரிந்தும் அவள் வாய் திறக்கல. அங்கேயே வெட்டிட்டாங்கன்னு கொல்லங்குடிப் பக்கம் இன்னைக்கும் சொல்றாங்க.

எட்டு வருஷம் நாச்சியார் சும்மா இருக்கல. ஹைதர் அலியின் உதவி கேட்டுப் பெற்றார். படை திரட்டினார். பெண்கள் படைக்கு உடையாள் பேரையே வைத்தார். 1780-ல் சிவகங்கையை மீட்டார். ஜெயித்த பிறகும் அவளை மறக்கல. அவளுக்கு நடுகல் நட்டு, தன் தாலியையே காணிக்கையாக வைத்தார்னு அந்த ஊர் சொல்லுது. 1796-ல் மறைந்தார்.

ஒரு ராணி, ஆடு மேய்த்த பெண்ணின் பேரைக் காப்பாத்தி வைத்தார். நம்ம குழுக்களிலும் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய அம்மா இருக்கலாம், கணவரை இழந்த தங்கச்சி இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் அவங்க வீட்டு வீரர் பேரைச் சொல்லி ஒரு விளக்கு ஏத்துவோம். ஒரு கஷ்டம்னா அவங்க வாசலுக்கு முதல் ஆளாப் போய் நிப்போம்.