ஓமோனுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்திய சார்ள்ஸ் ஹகின்ஸ்

புற்றுநோய் உடலின் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காது தன்போக்கில் வளர்வது என்ற கருத்தே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவ உலகில் வேரூன்றியிருந்தது. அக்கருத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர் சத்திரசிகிச்சை நிபுணரான சார்ள்ஸ் பிரென்டன் ஹகின்ஸ்.

கனடாவின் ஹலிபக்ஸ் நகரில் 1901 செப்டெம்பர் 22 ஆம் திகதி பிறந்த ஹகின்ஸ், அக்காடியா பல்கலைக்கழகத்தில் பயின்று, 1924 இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சைப் பயிற்சியை முடித்து, 1927 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் புதிய மருத்துவபீடத்தில் இணைந்தார். சிறுநீர்த்தொகுதிக்கான சத்திரசிகிச்சைத் துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் முன்னனுபவம் அற்றிருந்த அவர், தாமாகவே கற்றுத் தேர்ந்தார்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள புரொஸ்டேட் சுரப்பியே அவரது ஆய்வுப் பொருளாயிற்று. முதுமையடைந்த நாய்களிலும் இச்சுரப்பி மனிதரில் போன்றே வீங்குவதுண்டு. விதைகளை அகற்றியதும் அவ்வீக்கம் சுருங்குவதை அவர் அவதானித்தார். ஆண் ஓமோனே அச்சுரப்பியின் வளர்ச்சிக்கு ஆதாரமெனில், அதில் தோன்றும் புற்றுநோயும் அதே ஓமோனை நம்பியிருக்கக்கூடும் என்பது அவரது தர்க்கம்.

1941 இல் கிளரன்ஸ் ஹொட்ஜஸுடன் இணைந்து அவர் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது. என்புகளுக்குப் பரவிய புரொஸ்டேட் புற்றுநோயாளரின் குருதியில் அமில பொஸ்பற்றேஸ் என்னும் நொதியம் உயர்ந்திருக்கும். விதைகளை அகற்றியபோதும் ஈஸ்ரோஜன் வழங்கியபோதும் அதன் அளவு வீழ்ந்தது. ஆண் ஓமோனை ஏற்றியபோது மீண்டும் உயர்ந்தது. தாங்கொணா என்பு வலியால் படுக்கையில் கிடந்தவர்கள் பலர் நிவாரணம் பெற்றனர். பரவிவிட்ட புற்றுநோயையும் ஓமோன் மாற்றத்தால் அடக்கலாம் என்பது அன்று பெரும் வியப்பாக இருந்தது.

எனினும் வெற்றி முழுமையானதன்று. பெரும்பாலானோரில் நோய் காலப்போக்கில் மீண்டது. அதிரீனற் சுரப்பிகளும் ஆண் ஓமோனைச் சுரப்பதால் அவற்றையும் அகற்றிப் பார்த்தார் ஹகின்ஸ். அக்காலத்தில் கோட்டிசோன் கிடைக்காமையால் அம்முயற்சி பயன்தரவில்லை. கோட்டிசோன் கிடைத்தபின், 1951 இல், அதே முறையை முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குக் கையாண்டு சில பெண்களில் பலன் கண்டார்.

நோய் ஏன் மீள்கிறது என்ற வினாவுக்கான விடை பின்னரே துலங்கியது. ஹகின்ஸ் தலைமை தாங்கிய பென் மே ஆய்வுகூடத்தில் பணியாற்றிய எல்வுட் ஜென்சன், 1950 களின் இறுதியில் ஈஸ்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் வாங்கியைக் கண்டறிந்தார். 1960 களின் இறுதியில் ஆண் ஓமோனுக்கான வாங்கியும் அறியப்பட்டது. தீங்கற்ற வீக்கத்திலும் புற்றிழையத்திலும் இவ்வாங்கி காணப்படுகிறது. ஆனால், சிகிச்சையால் ஓமோன் குறைந்த பின்னரும் பல புற்றுக்கலங்கள் இவ்வாங்கியைப் பெருக்கியோ மாற்றியோ சிறிதளவு ஓமோனுடனேயே வளரக் கற்றுக்கொள்கின்றன. அவ்வாங்கியையே தடுக்கும் என்சலுட்டமைட் என்ற மருந்து 2012 இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அது ஹகின்ஸ் திறந்த வழியின் தொடர்ச்சியேயாகும்.

1966 இல் பெய்ற்றன் ரௌஸுடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹகின்ஸ், 1997 ஜனவரி 12 ஆம் திகதி தமது 95 ஆவது வயதில் சிக்காகோவில் காலமானார்.

அவரது வாழ்வு நமது சமூகத்தின் ஆண்களுக்கும் ஒரு செய்தியை விட்டுச் சென்றுள்ளது. முதுமையில் சிறுநீர் கழிப்பதில் ஏற்படும் சிரமத்தை வெளியில் கூற வெட்கி மறைப்போர் பலர். அது தீங்கற்ற வீக்கமா, புற்றுநோயா என்பதை அறிகுறிகளை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது. மருத்துவப் பரிசோதனையே அதனைத் தெளிவுபடுத்தும். உரிய காலத்தில் மருத்துவரை நாடுவதே, நோயாளரின் வலியைத் தணிக்க வாழ்நாளை அர்ப்பணித்த அம்மனிதருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதையாகும்.