ஜகதீச சந்திர போஸ்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் உள்ள தொழிற்சாலைகளில் பொறிகள் பலவற்றை அடக்கி ஆள்வன குறைகடத்திகளால் ஆகிய சிறு கருவிகளே. செம்பைப்போல் மின்சாரத்தை எளிதில் செல்லவிடாமலும், கண்ணாடியைப்போல் முற்றும் தடுக்காமலும் இடைநிற்கும் பொருளே குறைகடத்தி. அதன் இயல்பைக் கருவியொன்றில் முதன்முதல் பயன்கொண்டோருள் ஒருவர் நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ்.

இவர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் அரசாங்க அலுவலர். ஆயினும் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே ஏவலாளர் மகனும் மீனவர் மகனும் இவருக்கு இருபுறமும் அமர்ந்து பயின்றனர். தமிழாசிரியனாகிய எனக்கு இச்செய்தியை எண்ணுந்தோறும் உவகை பெருகும்.

இங்கிலாந்தில் கற்று மீண்ட போஸ், 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதனினும் குறைந்த சம்பளம் என்பது அக்கால வழக்கம். போஸ் சினந்து வெளியேறினாரல்லர். பணியில் ஒரு குறையும் வையாமல், சம்பளத்தை மட்டும் தொடாதிருந்தார். ஒரு திங்களன்று, இரு திங்களன்று, மூன்று ஆண்டுகள்! குடும்பமோ கடன்பட்டிருந்தது. முடிவில் அரசாங்கமே இணங்கி, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு அளித்தது.

ஆராய்ச்சிக்கு ஏற்ற கூடமும் அங்கு இல்லை. தகரக் கொல்லர் ஒருவரைப் பழக்கிக் கருவிகளைச் செய்துகொண்டார். 1895இல், கல்கத்தா நகர மன்றத்தில், கம்பியின்றியே மின்காந்த அலைகளைச் சுவரூடு செலுத்தி, அப்பால் மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார்.

அலைகளை உணரும் கருவியில் அவர் விந்தையொன்று கண்டார். அலை படும்போது அக்கருவியின் மின்கடத்துதிறன் மாறும். பலமுறை பட்டபின் அம்மாற்றம் குன்றும். ஓய்வு கொடுத்தால் மீளும். கருவியின் பழுதெனத் தள்ளிவிடாமல், போஸ் அதனையே பொறுமையோடு அளந்தார். உயிரற்ற பொருளுக்கும் களைப்பு உண்டோ என ஆராய்ந்து, 1902இல் நூலொன்றும் வெளியிட்டார். அவர்தம் முடிபுகள் அனைத்தையும் அறிவியலார் ஏற்றாரல்லர். எனினும், 1980களில் மிக நுண்ணிய கடத்திகளைக் கடுங்குளிரில் ஆராய்ந்தோரும், மின்கடத்துதிறனில் தோன்றும் ஏற்றத்தாழ்வு பழுதன்று, எலெக்ட்ரான்களின் அலைத்தன்மையால் விளைவது என்று கண்டனர். குவாண்டம் புள்ளி எனப்படும் குறைகடத்தி நுண்டுகள்களிலும் அது நிகழ்கிறது. போஸ் கண்டதற்குக் காரணம் வேறு. தள்ளத்தக்கதென்று தோன்றுவதை உற்றுநோக்கிய பழக்கம் ஒன்றே.

கலீனா என்னும் காரீயக் கனிமத்தாலும் அவர் அலையுணர் கருவி செய்தார். அறிவை விலைப்படுத்த அவர் விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தவே 1901இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1904இல் அமெரிக்கா அதனை வழங்கிற்று. அவரோ அதனைக் கொண்டு பொருள் தேடாமல் காலாவதியாக விட்டார். தாம் சேர்த்த பொருளைக் கொண்டு 1917இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவினார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் மறைந்தார். அந்நிலையம் இன்றும் அவர் பெயரால் நடைபெற்று வருகிறது.