கடலடியில் கோயில் கண்ட கிளார்க்

பெண்ணாடம் கோயிலில் இருக்கும் சிவபெருமானுக்குப் பிரளயகாலேசுவரர் என்று பெயர். ஊழி வெள்ளம் பெருகி வந்தபோது, அதை இறைவன் தடுத்து ஊரைக் காத்தார் என்று தல புராணம் கூறுகிறது. அந்தக் கோயிலைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். அவரே கடலுக்கு அப்பால், இலங்கையில் உள்ள திருக்கோணமலையையும் பாடினார்.

பெண்ணாடம் கோயில் வெள்ளத்துக்குத் தப்பியது. திருக்கோணமலைக் கோயிலோ கடலுக்குள் போயிற்று. அதை அழித்தது வெள்ளம் அல்ல. 1620-களில் போர்ச்சுக்கீசியர் அதை இடித்துத் தள்ளினார்கள்.

300 ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்த அந்தக் கோயில் கற்களை நேரில் பார்த்து உலகுக்கு எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் ஆர்தர் கிளார்க். கோயிலைத் தேடி அவர் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. பசிபிக் கடலின் பவளத் தீவுகளைப் பார்க்கத்தான் கிளம்பினார். வழியில் நின்ற ஒரு கப்பல் அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டது!

தந்தையை இழந்த சிறுவன்

கிளார்க் 1917-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி இங்கிலாந்தில் மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் அவரே மூத்தவர். அவருக்கு 13 வயதாக இருந்தபோது தந்தை இறந்துவிட்டார். தாய்தான் பண்ணையைக் கவனித்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

சிறுவன் கிளார்க் தானே தொலைநோக்கி செய்து நிலாவைப் பார்த்தான். ஆனால் மேற்படிப்புக்குப் பணம் இல்லை. 1936-ல் லண்டனுக்குப் போய், சர்க்கார் அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை வேலையில் சேர்ந்தார்.

இரண்டாவது உலகப் போரில் விமானப் படையில் ராடார் கருவியோடு பணி புரிந்தார். 1945-ல் ஒரு கட்டுரை எழுதினார். பூமிக்கு மேலே சுமார் 22,300 மைல் உயரத்தில் ஒரு செயற்கைக் கோளை நிறுத்தினால், அது பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றும். கீழே இருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போல் இருக்கும். அதன் மூலம் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று அதில் விளக்கினார். அப்போது வானில் ஒரு செயற்கைக் கோள்கூட இல்லை! இன்று வீட்டுக் கூரைமேல் இருக்கும் டெலிவிஷன் தட்டு, அந்த உயரத்தில் உள்ள கோளைப் பார்த்துத்தான் நிற்கிறது.

போர் முடிந்த பிறகு கல்லூரியில் சேர்ந்தார். 1948-ல் கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் வகுப்பில் தேறினார். விண்வெளி பற்றி அவர் எழுதிய ஒரு புத்தகம் 1952-ல் அமெரிக்காவில் ஏராளமாக விற்றது. கையில் பணம் வந்தது.

மிதக்கும் ஆசை

விண்வெளியில் உடலுக்கு எடை தெரியாது. பஞ்சு போல் மிதக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் விண்வெளிக்கு யார் போக முடியும்? பூமியில் இருந்தபடியே அந்தச் சுகத்தை ஓரளவு தரக்கூடியது தண்ணீர் ஒன்றுதான். ஆகவே கிளார்க் முக்குளிக்கக் கற்றுக்கொண்டார்.

தூத்துக்குடியிலும் மன்னாரிலும் நம்மவர்கள் முத்துக்குளித்தது எப்படி என்பது பலருக்குத் தெரியும். கயிற்றில் கட்டிய கல்லின் துணையால் கீழே போவார்கள். ஒரே மூச்சில் சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வருவார்கள். 1943-ல் பிரான்சில் குஸ்தோ, காஞ்யான் என்ற இருவர் ஒரு புதிய கருவியைச் செய்தார்கள். அழுத்தி அடைத்த காற்றுக் குழாயை முதுகில் கட்டிக்கொண்டு, வாய்வழியாக மூச்சு விட்டபடி, கடலுக்குள் நீந்தலாம். இதுபோன்ற கருவியைத்தான் இன்று ஸ்கூபா என்கிறோம்.

கிளார்க்குக்கு மைக் வில்சன் என்ற இளைஞர் நண்பரானார். அவர் கைதேர்ந்த முக்குளிப்பாளர். தண்ணீருக்கு அடியில் படம் பிடிக்கவும் வல்லவர். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டிப் பசிபிக் கடலில் சுமார் 1,400 மைல் நீளத்துக்குப் பவளப் பாறைகள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான தீவுகளும் உண்டு. அங்கே போவதென்று இருவரும் முடிவு செய்தனர்.

பயணத்துக்கு ஆயத்தம்

இந்தப் பயணத்துக்குத் துணிமணியும் டிக்கெட்டும் மட்டும் போதாது. முகமூடி, துடுப்புக் காலணி, காற்றுக் குழாய், உடலைக் கீழே அமிழ்த்த ஈயக் கட்டி கோத்த இடுப்புப் பட்டை, தண்ணீர் புகாத உறைக்குள் காமிரா எல்லாம் வேண்டும். தனித் தீவில் ஒரு ரப்பர் வளையம் கிழிந்தால்கூட வாங்கக் கடை இல்லை.

கருவியைவிடப் பாடம் முக்கியம். கடலில் 33 அடி இறங்கினால், உடல்மேல் அழுத்தம் இரண்டு பங்காகிறது. 66 அடியில் மூன்று பங்கு! காது வலிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி அதைச் சரி செய்ய வேண்டும்.

மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. 33 அடி ஆழத்தில் நெஞ்சில் நிரப்பிய காற்று, மேல்மட்டத்துக்கு வரும்போது இரண்டு பங்காக விரியும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும்.

அவசரமாகவும் ஏறக் கூடாது. கோலி சோடாவைத் திறந்தால் குமிழி பொங்குகிறதல்லவா? ஆழத்தில் வெகு நேரம் இருந்தவர் சட்டென்று மேலே வந்தால், இரத்தத்தில் அப்படிக் குமிழி உண்டாகும். கை, கால் முடங்கலாம். உயிரும் போகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக இறங்கக் கூடாது. ஒருவருக்கு ஒருவர் காவல். கிளார்க்குக்கு வில்சன் அப்படிப்பட்ட துணை.

கொழும்பில் அரை நாள்

1954-ம் ஆண்டு டிசம்பரில் கிளார்க் சென்ற கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் நின்றது. கரையில் இறங்க அரை நாள் கிடைத்தது. தெகிவளை மிருகக்காட்சி சாலையில் வேலை பார்த்த ராட்னி ஜான்கிளாஸ் என்பவரை அங்கே சந்தித்தார். அவரும் முக்குளிப்பவர். இலங்கைக் கடலின் அழகை அவர் எடுத்துச் சொன்னார். அது கிளார்க்கின் மனதில் பதிந்துவிட்டது.

பிறகு ஆஸ்திரேலியா போனார். ஹெரான் தீவு முதலிய இடங்களில் பவளத் தோட்டங்களைக் கண்டார். அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். ஆனாலும் கொழும்பை மறக்க முடியவில்லை. 1956-ல் வில்சனுடன் இலங்கைக்கே வந்துவிட்டார். சாகும்வரை அதுவே அவர் நாடாயிற்று.

சுவாமி மலை அடியில்

திருக்கோணமலையில் சுவாமி மலை கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கிறது. கோயில் இருந்த இடம் அதுதான். அதன் அடியில் கிளார்க்கும் வில்சனும் இறங்கினார்கள். பாறைகளுக்கு நடுவே மனிதன் செதுக்கிய தூண்களும் கற்களும் கிடந்தன. 1957-ல் வெளிவந்த புத்தகத்தில் கிளார்க் அதை விவரித்தார். வில்சன் கடலடியிலிருந்து எடுத்த லிங்கம் பின்னர் கோயிலில் வைக்கப்பட்டது. புதுப்பித்துக் கட்டிய கோணேசுவரர் கோயிலுக்கு 1963-ல் கும்பாபிஷேகம் நடந்தது. அந்த வில்சனே பிற்காலத்தில் காவி உடுத்துச் சுவாமி சிவ கல்கி ஆனார்!

1961-ல் இலங்கையின் தெற்கே உள்ள ஒரு பாறைத்திட்டில், மூழ்கிய கப்பல் ஒன்றை வில்சன் கண்டார். அதில் 1702-ம் ஆண்டில் அடித்த அவுரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் மூட்டை மூட்டையாக இறுகிக் கிடந்தன.

கால்கள் சோர்ந்தன

அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. 1962-ல் கிளார்க்கின் கை கால் செயலிழந்தது. பல மாதம் படுக்கையில் கிடந்தார். இளம்பிள்ளை வாதம் என்று பிறகு தெரிந்தது. மெல்ல மெல்லத் தேறினார். 1963-ல் அந்த வெள்ளிக் கப்பல் கிடந்த இடத்துக்குத் தாமும் போனார்.

1980-களில் அந்த நோயின் பின்விளைவு தலைகாட்டியது. கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியே துணை. ஆனால் தரையில் தடுமாறிய அதே உடல், தண்ணீரில் லேசாக மிதந்தது. விண்வெளி சுகத்தை அறியக் கற்ற வித்தை, நோய் வந்த பிறகு அவருக்கு ஊன்றுகோலாகியது. கால்கள் சோர்ந்த பிறகும் அவர் கடலில் இறங்கினார்.

2004 டிசம்பரில் வந்த சுனாமி, இக்கடுவையில் இருந்த அவரது முக்குளிப்புப் பள்ளியை அழித்தது. 2008 மார்ச் 19-ந் தேதி தமது 90-வது வயதில் கிளார்க் கொழும்பில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

விண்வெளிக்கு அவர் ஒருநாளும் போகவில்லை. தாம் பிறந்த ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், சம்பந்தர் பாடிய மலையின் அடியில், மீன்களோடு மிதந்து அந்த ஆசையைத் தீர்த்துக்கொண்டார்.