சுவார்ட்ஸ் ஐயரின் வாய்மொழி

வேதநூலை ஓதுவார் பலர். ஓதியதனை மாட்டுக்காரனுக்குக் கூலி கொடுக்கும்போதும் நினைவிற் கொள்வார் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் தஞ்சையில் வாழ்ந்து மறைந்த சுவார்ட்ஸ் ஐயர். அவர் கிறித்தவ குருவாயினும், எச்சமயத்தாரும் அறிந்து போற்றத்தக்க வரலாறு அவருடையதாதலின், நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் மக்கட்கும் அதனை ஈண்டு எடுத்துரைக்கின்றேன்.

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்னும் இவர் 1726ஆம் ஆண்டில் செருமானியரின் பிராந்தன்பர்க்கு நாட்டுச் சோனன்பர்க்கு என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இப்போது போலந்து நாட்டைச் சார்ந்தது. இளமையிலேயே தாயை இழந்தார். ஆல்லே நகரத்துப் பல்கலைக்கழகத்திற் பயின்றபோது, தமிழ் வேதாகமத்தை அந்நகரிலேயே அச்சிட எழுந்த முயற்சிக்கு உதவும்பொருட்டுத் தமிழ் கற்கத் தொடங்கினார். அம்முயற்சி நிறைவேறவில்லை, கற்ற தமிழோ அவரை நம் நாட்டிற்கே கொணர்ந்துவிட்டது. தமிழ் கற்பித்துப் பிழைக்கும் எனக்கு இச்செய்தி தனி உவகை தருவதாகும். 1750இல் தரங்கம்பாடியை அடைந்த அவர் சில திங்களுக்குள் தமிழிலேயே பிரசங்கம் செய்தார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சையிலும் வாழ்ந்தார். மணம் செய்துகொண்டிலர். திருச்சியில் அவர் உறைந்தது ஒரு கட்டிலுக்கு மேல் இடங்கொள்ளாத சிற்றறை. உண்டது நம்மவர் சமைக்கும் முறையில் ஆக்கிய சோறும் காய்கறியும். உடுத்தது கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தி ஆடை.

இயேசுபிரான் மலைமேலிருந்து செய்த உபதேசத்தில், ஆணையிடுதலை விலக்கி, உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுதலே அமையும் எனக் கற்பித்த பகுதி ஒன்றுண்டு. ஐயருடைய வாழ்க்கை முழுவதும் அச்சிறு பகுதிக்கு எழுதிய உரையே என்பது என் கருத்து.

1779இல் மைசூர் ஐதர் அலியின் உள்ளக்கிடக்கையை அறிந்துவரவும், கும்பினியார் சமாதானமே நாடுகின்றனர் என உணர்த்தவும் சென்னைக் கவர்னர் ரம்போல்டு ஐயரைச் சீரங்கப்பட்டணத்திற்கு அனுப்பினார். ஐதரும் கும்பினி உத்தியோகஸ்தரை நம்பாதவர். இக்கிறித்தவரை மட்டும் நம்பியவர். ஐயரும் தமக்குச் சொல்லப்பட்டதனை மெய்யென்று கொண்டே சென்றார். ஆனால் அவ்வாண்டிலேயே கும்பினியார் ஐதரின் பாதுகாப்பிலிருந்த மாகியைக் கைப்பற்றினர். அவர் நாட்டு வழியே குண்டூருக்குப் படை செலுத்தவும் முற்பட்டனர். மறு ஆண்டில் ஐதரின் சேனை கருநாடகத்தை எரித்தழித்தது. பிறர் பொய்க்குத் தம் மெய்யை ஈடாக வைக்க நேர்ந்த நல்லோர்க்கு இதனினும் பெருந்துன்பம் வேறுண்டோ? வழிச்செலவிற்கென ஐதர் அளித்த 300 ரூபாயையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. கவர்னர் சபையாரிடம் ஒப்புவிக்க முயன்று, அவர்கள் வாங்க மறுக்கவே, தஞ்சை அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திற்கு முதற்பொருளாக்கினார். போர் நடந்த காலத்தும் அப்பெரியவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு ஐதர் தம் படைத்தலைவர்க்குக் கட்டளையிட்டிருந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

அப்போரினால் விளைந்த பஞ்சத்தில் தஞ்சை வீதிகளில் மக்கள் பட்டினியால் மாண்டு கிடந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதனைக் கோட்டைக்குக் கொணர மாடுகள் இல்லை. மாடுகள் உள்ளவரும் வரவில்லை. முன்னர் ஏவல் கொண்டவர்கள் கூலி கொடாது ஏய்த்தமையே காரணம். அரசரும் ஆங்கிலேயரும் எத்துணை அழைத்தும் பயனில்லை. முடிவில் ஐயரை வேண்டினர். கூலியைத் தம் கையாலேயே தருவதாக அவர் சொன்ன அளவில், இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. உயிர்க்கு அஞ்சாது சென்றவர்கள் 80,000 கலம் தானியம் கொணர்ந்தனர். ஐயர் ஒவ்வொருவர்க்கும் உரியதனைக் குறைவறக் கொடுத்து, மேலும் சிறிது வெகுமதியும் தந்து வீட்டிற்கு அனுப்பினார். 1782இல் பிரெத்வெயிட் கர்னலின் படை தோல்வியுற்றபின் கோட்டையில் மீண்டும் உணவு முட்டியபோதும், ஐயரின் வாக்கை நம்பியே மக்கள் மறுபடியும் தானியம் கொணர்ந்தனர்.

போர் ஓய்ந்த பின்னும் குடிகளின் துயர் ஓயவில்லை. அமைச்சர் விளைவிற் பெரும்பங்கைக் கவர்ந்துகொண்டமையால் பல்லாயிரவர் ஊரைத் துறந்து ஓடினர், வயல்கள் தரிசாயின. அரசர் அழைத்தும் வாராதவர்கள் ஐயர் தந்த உறுதியைக் கேட்டு ஒரே நாளில் ஏழாயிரவர் திரும்பினர். பருவம் கடந்திருந்தது. ஆயினும் அவர் பொருட்டு இரவும் பகலும் உழைப்பதாகக் கூறி ஏர் பூட்டினர். அவ்வாண்டு விளைவு முன்னையாண்டினும் மிகுந்தது. நிலமும் குத்தகையும் உடைய நம்மவர் இப்பகுதியை இருமுறை படிப்பாராக.

ஐயர் செய்தன யாவும் பொருந்தின என யான் கூறேன். 1787இல் துளசா மகாராசர் இறக்குந் தறுவாயில், தாம் சுவீகாரம் கொண்ட சரபோசி என்னும் சிறுவனைக் காக்கும் பொறுப்பை ஐயரிடமே தர விரும்பினார். ஐயர் அதனை ஏலாது, அரசரின் தம்பி அமரசிங்கிடம் ஒப்புவிக்குமாறு கூறினார். அமரசிங்கு தாமே அரசராயினார். சிறுவன் கல்வியும் காற்றும் இன்றி அடைபட்டுக் கிடந்தான். ஐயர் அதன்பின் வாளாவிருந்தாரில்லை. சென்னைக்கு முறையிட்டு முறையிட்டு, 1793இல் அவனை அந்நகருக்கு அனுப்பிக் கல்வி பயில வழிசெய்தார். சுவீகாரம் செல்லாதென்ற பழைய தீர்ப்பும் அவருடைய இடையறா முயற்சியாலேயே மீண்டும் ஆராயப்பட்டது.

1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் ஐயர் தஞ்சையில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே சரபோசி அரியணை ஏறினார். சைவராகவே வாழ்ந்த அவ்வரசர், இலண்டன் நகரத்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு ஐயருக்கு ஒரு சலவைக்கல் நினைவுச்சின்னம் செய்வித்து, ஐயரின் கல்லறைக் கல்லில் பொறிக்க ஆங்கிலச் செய்யுளையும் தாமே இயற்றினார். தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்தருகே உள்ள கோயிலில் அந்நினைவுச்சின்னத்தை இன்றும் காணலாம். படுக்கையிற் கிடக்கும் முதியவரின் கையை இளைய அரசர் பற்றியிருக்க, பள்ளிச் சிறுவர் அருகில் நிற்கின்றனர்.