ஓவிய அரசி அமிர்தா ஷேர்கில்

கலைமகளை வழிபடும் மரபினர் நாம். நவராத்திரி நாட்களில் கும்பம் வைத்து, ஏட்டையும் எழுதுகோலையும் வீணையையும் அன்னையின் திருமுன் வைத்துப் பணிகின்றோம். ஆயின் தூரிகையை அங்கே வைப்பவர் நம்மில் எத்தனை பேர்? வீணை பயின்ற மகளை மேடையில் இருத்தி மகிழும் வெள்ளவத்தைப் பெற்றோரும் கொட்டாஞ்சேனைப் பெற்றோரும், ஓவியமே தன் தொழில் என்று அவள் கூறினால் மனங் கலங்குகின்றனர். காலம் சரியில்லை, நாடு அமைதி பெறட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவளை அமர்த்தி விடுகின்றனர். காலம் சரியாகும் வரை காத்திராத ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுதப் புகுந்தோம்.

அமிர்தா ஷேர்கில் 1913ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30ஆம் திகதி ஹங்கேரி நாட்டுத் தலைநகராகிய புடாபெஸ்டில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியப் பெருங்குடியினர். வடமொழியிலும் பாரசீகத்திலும் வல்லவர். ஒளிப்படக் கலையில் பெருவிருப்பினர். தாயார் மரி அந்துவானெத் ஹங்கேரியர், இசைவாணர். மறு ஆண்டு தங்கை இந்திரா பிறந்தார். அதே 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. இந்தியா செல்ல வழியின்றி அக்குடும்பம் ஹங்கேரியிலேயே தங்கிவிட்டது. போர் முடிந்ததும் அங்கு முடியாட்சி வீழ்ந்தது. 1919இல் புரட்சி எழுந்து அடங்கியது. இக்குழப்பங்களின் நடுவே வளர்ந்த குழந்தை, கைக்கு எட்டிய தாளிலெல்லாம் படம் வரைந்தது.

1921இல் குடும்பம் சிம்லாவில் குடியேறியது. ஆங்கில ஆட்சியின் கோடைத் தலைநகரம் அது. உம்ராவ் சிங் விடுதலை இயக்கத்தில் அனுதாபம் கொண்டவர் என்று ஆட்சியாளரின் ஐயத்துக்கு ஆளானவர். அவர் தம்பியாரோ அதே ஆட்சியிடம் ‘சேர்’ பட்டம் பெற்றவர். ஒரு குடும்பத்துள்ளேயே இரண்டு போக்குகளையும் அமிர்தா கண்டு வளர்ந்தார். தாய்மாமனும் இந்தியவியல் அறிஞருமான எர்வின் பக்தாய் சிறுமியின் திறமையை உணர்ந்து, உயிருள்ள மனிதரை எதிரே இருத்திப் பார்த்து வரையும்படி பழக்கினார். பிற்காலத்தில் அவர் தீட்டிய முகங்களுக்கெல்லாம் இப்பயிற்சியே அடிப்படை.

1929இல், 16 வயதில், பாரிசுக்குச் சென்றார். அங்குள்ள கவின்கலைக் கல்லூரியில் லூசியன் சிமோன் என்னும் ஆசிரியரிடம் பயின்றார். தங்கையையும் ஒரு தோழியையும் எதிரே இருத்தி 1932இல் தீட்டிய ‘இளம்பெண்கள்’ என்னும் ஓவியம், மறு ஆண்டு பாரிசுப் பெருங் கலைக்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றது. இருபது வயதுப் பெண்ணை அக்காட்சிச் சபை இணை உறுப்பினராக ஏற்றது. ஆசியப் பெண்ணொருத்திக்கு இது எளிதில் கிட்டும் பேறன்று.

அங்கேயே தங்கியிருப்பின் வருவாய்க்கும் புகழுக்கும் குறைவிருந்திராது. ஆயின் ஓவியராகத் தமக்குரிய இடம் இந்தியாவே என்று அவர் துணிந்தார். தந்தையார் முதலில் இசையவில்லை. ஐரோப்பியக் கலையைக் கற்றதனாலேயே இந்தியக் கலையின் பெருமை தமக்கு விளங்கிற்று என்று மகள் கடிதம் எழுதித் தம் உறுதியைத் தெரிவித்தார். 1934இன் இறுதியில் தாயகம் திரும்பினார்.

சிம்லாவில் துரைமாரும் சீமாட்டிகளும் விரும்பிய படங்கள் வேறு. அமிர்தா தீட்டியவை வேறு. குளிரில் போர்வை போர்த்து வாய்பேசாது நிற்கும் மலைநாட்டு ஏழைகளை 1935இல் தீட்டினார். அவ்வாண்டு சிம்லாக் கலைச்சபை அவர் அனுப்பிய படங்களுள் சிலவற்றைத் திருப்பியனுப்பிவிட்டு, ஏற்றுக்கொண்ட ஒன்றுக்குப் பரிசு வழங்கியது. அப்பரிசை அவர் ஏற்க மறுத்துவிட்டார். நாவில் கடுமையுடையவர் என்ற பழி அவருக்கு உண்டு. அதில் உண்மையும் உண்டு. மற்றவர் ஓவியங்களைக் குறை கூறுவதில் அவர் தயங்கியதில்லை. அதனால் நண்பரையும் வாங்குவோரையும் இழந்தார்.

1936ஆம் ஆண்டின் இறுதியில் தென்திசை நோக்கிப் புறப்பட்டார். அஜந்தாக் குகைகளைக் கண்டு வியந்தார். திருவனந்தபுரம், கன்னியாகுமரி முதலிய ஊர்களைப் பார்த்தார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் பல நாள் அமர்ந்து பயின்றார். திரும்பியதும் 1937இல் ‘மணமகளின் ஒப்பனை’, ‘பிரமசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னாட்டுக் கிராமத்தவர்’ ஆகிய மூன்று பெரும் படங்களைத் தீட்டினார். செம்மண் நிறப் பின்னணியில், வெள்ளை வேட்டியும் பூணூலும் அணிந்த இளைஞர் அமர்ந்திருக்கும் அந்தப் ‘பிரமசாரிகள்’ ஓவியத்தைப் பார்ப்பவர்க்கு நம் கோயில் மண்டபங்களே நினைவுக்கு வரும். அவ்வாண்டு பம்பாய்க் கலைச்சங்கம் அவரது ‘மூன்று பெண்கள்’ ஓவியத்துக்குத் தங்கப்பதக்கம் அளித்தது. புகழ் வந்தது, படங்களோ அருமையாகவே விலைபோயின.

அதே 1937இல் டெல்லியில் நடந்த அவரது காட்சியின்போது ஜவகர்லால் நேரு அறிமுகமானார், நட்பு வளர்ந்தது. எனினும் அமிர்தா ஊர்வலங்களையும் கொடிகளையும் தீட்டிப் புகழ் தேடவில்லை. யாருக்காக விடுதலை வேண்டப்பட்டதோ அந்த எளிய மக்களின் முகத்தைத் தீட்டினார். அதுவும் ஒரு தொண்டே என்பது நம் கருத்து.

1938இல் ஹங்கேரி சென்று, உறவினரான மருத்துவர் விக்டர் எகனை மணந்தார். ஐரோப்பாவில் மீண்டும் போர் மேகம் சூழ, 1939இல் இருவரும் இந்தியா வந்தனர். கோரக்பூரை அடுத்த சராயாவில், சிற்றப்பன் குடும்பத்தின் சீனி ஆலை வளாகத்தில் கணவர் மருத்துவம் பார்த்தார். தனிமை அமிர்தாவை வாட்டியது. ஆயினும் கட்டிலில் சாய்ந்திருக்கும் பெண், ஊஞ்சல், கதை சொல்லும் முதியவர் எனப் பல சிறந்த படங்கள் அங்கேதான் பிறந்தன.

1941இல் இருவரும் லாகூரில் குடியேறினர். டிசெம்பரில் அவரது ஓவியக்காட்சி நடைபெறவிருந்தது. திடீரென நோயுற்று, அம்மாதம் 5ஆம் திகதி இரவு அவர் மறைந்தார், வயது 28. பிரித்தானியா ஹங்கேரி மீது போர் அறிவித்ததும் அந்நாட்களிலேயே. மனைவியை இழந்த விக்டர், பகைநாட்டவர் என்று சிறைப்படுத்தப்பட்டார். திட்டமிட்ட காட்சி, ஓவியர் இல்லாமலே அம்மாத இறுதியில் நடைபெற்றது.

பின்னர் கணவரும் குடும்பத்தாரும் வழங்கிய படங்கள் 1954இல் திறக்கப்பட்ட டெல்லித் தேசிய நவீன கலைக்கூடத்தை அணிசெய்தன. 1976இல் அவை நாட்டை விட்டு வெளியேற்றலாகாத தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. வாங்குவாரின்றி வருந்தியவரின் ‘கதைசொல்லி’ என்னும் ஓவியம் 2023இல் 61 கோடி ரூபாவுக்கு மேல் விலைபோயிற்று.

அக்காலத்தே நம் கொழும்பிலும் இதே தேடல் இருந்தது. 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஜோர்ஜ் கீற் பொரளைக் கோதமி விகாரையின் சுவர்களில் புத்தர் வரலாற்றைத் தீட்டினார். 1943இல் ‘43 குழு’ தோன்றியது. அதைத் தோற்றுவித்தவராக அறியப்படுவோர் அனைவரும் ஆடவரே. நம் வீட்டுப் பெண்களின் கைத்திறன் கோலத்தோடும் தையலோடும் நின்றுவிட்டது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் நம் இல்லங்கள் எரிந்தபின், உயிரும் உணவும் முதலில், கலை பின்னர் என்றோம். அது குற்றமன்று. ஆனால் அந்தப் பின்னர் என்ற சொல்லிலேயே ஒரு தலைமுறைப் பெண்களின் கைகள் ஓய்ந்துபோயின.

அமிர்தாவுக்குச் செல்வக் குடும்பத்தின் துணை இருந்தது என்பர். உண்மையே. அமைதியான காலம் மட்டும் அவருக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. அன்பர்களே, வரும் சரசுவதி பூசையில் வீணையின் அருகே ஒரு தூரிகையையும் வைப்போம். விசயதசமி அன்று அதை எடுத்து நம் மகளின் கையில் கொடுப்போம். மறுநாள் அதைத் திரும்ப வாங்காதிருப்போம்.